வேல்ஸ் மிஸ்

ஒருவருக்காக இன்னொருவர் பேசத் தொடங்கினால், வேல்ஸ் மிஸ் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். கோபமெல்லாம் இருக்காது. காலால் தரையை மெல்லத் தள்ளி, பேசுகிறவருக்குத் தோளையும் பேசாமல் இருப்பவருக்கு முகத்தையும் காட்டி உட்காருவார். பிறகு காத்திருப்பார். அவர் அப்படிக் காத்திருக்கும்போது அறையில் இருக்கிற எல்லோருக்கும் கொஞ்சம் வியர்க்கும்.

எனக்கு அது முதலில் நடந்தது ஒரு காஸ் அடுப்பு விஷயத்தில்.

வால்தம்ஸ்டோவில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன வேல்ஸ் தேவாலயம் இருந்தது. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனில் பால்கடை வைத்துப் பிழைக்க வந்த வேல்ஸ் குடும்பங்கள் கட்டியது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசைகள் மட்டும்தான் நிரம்பும். அவர் அங்கே போதகராக இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண். மழைச்சட்டையும் சைக்கிளுமாகத்தான் எப்போதும் கண்டிருக்கிறேன். தேவாலயத்தின் பின்மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் அம்மாவும் மூன்று அன்ரிமாரும் மதியச் சாப்பாடு சமைத்தார்கள். தனியாக இருக்கிற முதியவர்கள், கைக்குழந்தையோடு வீட்டுக்குள் அடைபட்ட பெண்கள், ஷிப்ட் முடிந்து போகிற வழியில் எட்டிப்பார்க்கிறவர்கள் என்று அந்த மேசைகளில் இடம் இருக்காது.

அன்று எனக்கு விடுமுறை. அம்மா அடுப்பைக் காட்டி, "இதைப் போதகரிட்டச் சொல்லு தம்பி" என்று தொடங்கினார்.

"இந்த இடப்பக்க அடுப்பு எரியுது, ஆனா ஒரு கரையாலதான் எரியுது. நான் சோத்துப் பானையைத் திருப்பித் திருப்பி வச்சுச் சமாளிக்கிறன். போன கிழமை அன்ரி தெரியாமல் பெரிய சட்டியை வச்சு அடிப்பிடிச்சுப் போச்சு. இடம் தந்த ஆக்களிட்டக் குறை சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு. ஆனா ஆருக்கேன் நெருப்புப் பட்டால் அவையளுக்குத்தானே கெட்ட பேர்."

நான் போதகரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அடுப்பு பழுதாம்."

அவர் என்னைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினாரே?"

"சுருக்கம் அதுதான்."

நாற்காலி திரும்பியது. அம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் முழங்காலில் இருந்தார்கள். அம்மாவிடம் ஆங்கிலச் சொற்கள் கொஞ்சம் இருந்தன. அதைவிட ஜெர்மன் சொற்கள் அதிகம், ஏனென்றால் நாங்கள் ஊரில் யுத்தத்துக்குத் தப்பி முதலில் ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவர்கள். மீதியைக் கையால் சொன்னார். போதகர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், குறை சொல்ல அம்மாவுக்கு வெட்கம் என்பதுகூட அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னார்: "உந்த வேல்ஸ் மிஸ் ஒரு மாதிரியான மனிசி."

"என்ன மாதிரி?"

"நான் கதைக்கேக்க என்ர வாயைப் பாக்கிறா. எல்லாரும் உன்ர வாயைத்தான் பாக்கிறவை."

அன்றிலிருந்து வேல்ஸ் மிஸ் என்பதே எங்கள் வீட்டில் அவர் பெயர். அன்ரிமாருக்கு முதலில் அவர்மேல் சந்தேகம். "அணைஞ்சு அணைஞ்சு வந்து எங்களை வேதத்துக்கு மாத்தப் போறா, பாருங்கோ" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மாற்றவில்லை. மாறாக, இவர்கள்தான் அவரைப் பயற்றங்காய்க் கறிக்கு மாற்றினார்கள். அம்மாவை எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினார். அந்தக் 'க்கா'வில் எல்லா மூச்சையும் இறக்கிவிடுவார்.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வேல்ஸ் நாட்டின் பெரியவர்களுடைய வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கிற ஓர் அகராதிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். அறிஞர்கள், போதகர்கள், எழுத்தாளர்கள், அரசியல்வாதிகள். மண்டபத்தின் மூலையில் மடிக்கணினியும் சாப்பாட்டுத் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நான் எங்கள் குடும்பத்தில் முதலாவதாகப் பல்கலைக்கழகம் போனவன். அம்மா ஐந்தாம் வகுப்பு. அப்பா எட்டு, அதற்கு மேல் படிக்க யுத்தம் விடவில்லை. அதனாலோ என்னவோ அந்தக் குறிப்புகள் என்னை இழுத்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரித் தொடங்கும். சிலேட்டுக் கல் வெட்டுகிறவரின் மகன். நிலக்கரித் தொழிலாளியின் மகன். வாடகை நிலத்து விவசாயியின் ஏழாவது பிள்ளை. பிறகு எபிரேயம், கிரேக்கம், பட்டம், பிரசங்க மேடை, பாராளுமன்றம்.

"எப்படி எல்லோரும் இப்படி ஏறிப்போனார்கள்?" என்று கேட்டேன்.

"ஏறியது எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது" என்றார். "கல்லூரியில் இருந்து முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று அம்மாவோடு என்ன பேசினான் என்பது ஒன்றில்கூட இல்லை. எனக்கு அதுதான் வேண்டும்."

ஓர் அறிஞரைப் பற்றிய பழைய குறிப்பில், 'இவருடைய தாய் எழுத்தறியாத, பக்தியுள்ள, அமைதியான பெண்' என்று இருந்தது. போதகர் 'அமைதியான' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். "யார் போய்க் கேட்டார்கள், இவர் அமைதியாக இருந்தாரா என்று?" பிறகு அந்தச் சொல்லை அழித்துவிட்டார்.

அவர் ரசித்துச் சொன்ன ஓர் அரசியல்வாதியின் கதை நினைவிருக்கிறது. அந்த மனிதர் பாராளுமன்றத்தில் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் சற்று நிறுத்துவாராம். ஆங்கிலப் பத்திரிகைகள் அதைப் பெருந்தலைவருக்குரிய நிதானம் என்று புகழ்ந்தன. உண்மையில் குறிப்பை வேல்ஷ் மொழியில் எழுதிவைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். "நிதானமே இல்லாத ஆள். வீட்டில் கதவை உதைப்பாராம்" என்று சிரித்தார்.

சிரிக்காமல் சொன்னது ஒன்று. முன்னொரு காலத்தில், வேல்ஸ் நீதிமன்றங்களில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும்; கூண்டில் நிற்கிற மக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு நல்ல போதகர் காசு வாங்காமல் அவர்களுக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பை இவர் திருத்தி எழுதவேண்டியிருந்தது. வழக்கொன்றில் ஒரு பண்ணைப் பெண் நெடுநேரம் பேசினாள் என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அந்தப் போதகர் நீதிபதியிடம் சொன்னது: 'குற்றத்தை மறுக்கிறாள், ஐயா.' அவ்வளவுதான்.

"கெட்டவர் அல்ல. நல்ல மனிதர், அவசரத்தில் இருந்த நல்ல மனிதர்" என்றார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று இவர் தேடாத இடம் இல்லை, கிடைக்கவில்லை. கடைசியில் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: 'அவள் சொன்னது பதிவாகவில்லை.' அது போதகரின் வாழ்க்கைதானே, அந்த வரி எதற்கு என்று பதிப்பாசிரியர் இரண்டு தடவை வெட்டினார். இவர் இரண்டு தடவையும் திரும்பச் சேர்த்தார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பின்மண்டபத்தைப் பற்றிய பேச்சு வந்தது. ஒரு மழலையர் பள்ளி வாரம் முழுவதும் மண்டபத்தைக் கேட்டது. தேவாலயத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நிர்வாகக் குழுவுக்கு அந்த வாடகை தேவை. குற்றம் சொல்ல யாரும் இல்லை. ஆனால் பள்ளி வந்தால் வியாழக்கிழமைச் சாப்பாடு நின்றுவிடும். வேறு இடம் நாங்கள் தேடாமல் இல்லை. அடுப்படியோடு, பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில், அந்த மண்டபத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. தேவாலய உறுப்பினர்களின் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள் என்றும், வியாழக்கிழமைக் குழு சார்பாக ஒருவர் பேசலாம் என்றும் சொன்னார்கள்.

நான் இரண்டு இரவு இருந்து ஓர் உரை எழுதினேன். தனிமை, முதியோர் நலம், சமூக ஒற்றுமை எல்லாம் அதில் இருந்தன. போதகரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் கடைசி வரி வரை வாசித்தார்.

"நன்றாக இருக்கிறது. அக்கா இதை வாசித்தாரா?"

"இது ஆங்கிலத்தில் இருக்கிறது."

"தெரிகிறது. அக்காதானே குழுவை நடத்துகிறார். அவரே பேசட்டும்."

"அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் வராது."

"தமிழ் வருமே" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். வேல்ஸில் கூட்டம் என்றால் அவரவர் தம் மொழியில் பேசுவது சாதாரணம். அறையின் பின்னால் ஒருவர் மைக்கோடு இருந்து உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பார். வேல்ஷ் தெரியாதவர்கள் ஹெட்போன் போட்டுக் கேட்பார்கள். இந்தத் தேவாலயத்தின் கூட்டங்களும் அப்படித்தான் நடக்கும். அதே கருவியை வைத்து அம்மா தமிழில் பேசலாம். நான் பின்னால் இருந்து ஆங்கிலத்தில் சொல்லலாம்.

"பேசுகிறவர் அல்ல, விளங்காதவர்தான் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இது அவருடைய கொள்கை, மண்டபம் எங்களுடையது. அம்மா ஆஸ்பத்திரியில் தன் பெயரைச் சொல்லவே என்னைத் திரும்பிப் பார்க்கிறவர். அங்கே எழுந்து நின்று பயந்து உட்கார்ந்துவிட்டால், சாப்பாடும் போய் அந்த வெட்கமும் அவரோடு நின்றுவிடும். இதைச் சொன்னேன், கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் மறுக்கவில்லை. "தோற்கலாம்" என்றார். "ஆனால் நீ பேசித் தோற்றால் அக்காவுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது." பிறகு, எதிர்பார்த்த மாதிரியே, நாற்காலியைத் திருப்பி அடுப்படிப் பக்கம் பார்த்தார். "அக்கா. நீங்கள் பேசுகிறீர்களா, இவர் பேசட்டுமா?"

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் தமிழில் சொன்னேன், பேசத் தேவையில்லை என்ற தொனியில்தான் சொன்னேன். அம்மா கத்தியை வைக்காமலே, "அவவுக்குச் சொல்லு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டு" என்றார். வீட்டில் நாலு நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "எனக்கு எந்தச் சீலை வடிவு?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

கூட்டத்தன்று மண்டபத்தின் ஒரு பக்கம் வேல்ஸ்காரர், மறுபக்கம் நாங்கள். வாசலில் ஹெட்போன் பெட்டி இருந்தது. முதல் பாதி வேல்ஷில் நடந்தது. கூரை, கணக்கு, ஜெபம். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வேல்ஷ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவர் பக்கத்தில் நான்.

அம்மாவின் முறை வந்ததும் போதகர் எழுந்து எங்கள் வரிசைக்கு வந்து, வேல்ஸ்காரருக்குக் கொடுக்க ஹெட்போன்களைத் திரும்பக் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. அன்ரி ஒருவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"இது இல்லாமல் எனக்கு எப்பிடி விளங்கும்?"

பின்னால் இருந்து நான் சொன்னேன்: "அன்ரி, இப்ப கதைக்கப் போறது எங்கட அம்மா."

"இவவோ? தமிழிலயோ?" அன்ரி கொஞ்சம் யோசித்தார். "அப்ப எனக்கு என்னத்துக்கு இது." கழற்றிக் கொடுத்துவிட்டார். அம்மாவும் ஹெட்போனோடுதான் எழுந்து நின்றிருந்தார். போதகர் அதை அவர் தலையில் இருந்து, முடி கலையாமல், எடுத்தார்.

மறுபக்கத்தில் வேறு சிக்கல். அந்த முதியவர்கள் தங்கள் தேவாலயத்தில் ஒருநாளும் ஹெட்போன் போட்டதில்லை. ஒருவர் தலைகீழாக மாட்டினார். கூட்டத் தலைவர், மழலையர் பள்ளிக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று உறுதியாக இருந்த பெரியவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு இருபுறமும் பார்த்தார். போதகர் போய் மாட்டிவிட்டார். அவர் அந்த மண்டபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து முடிக்கும்வரை அம்மா நின்றுகொண்டே இருந்தார்.

தொடங்க முன்னர் போதகர் என்னிடம் வந்து குனிந்தார். "'அம்மா சொல்கிறார்' என்று சொல்லாதே. அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்." போய் வேல்ஸ்காரர் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தானும் ஹெட்போன் போட்டுக்கொண்டார். அவர் எங்களுக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று கடைசிவரை எதிர்பார்த்தேன். கல் சுரங்கத் தொழிலாளர் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுங்கும் குடிலில் வேதமும் அரசியலும் வாதாடி அறிஞர்கள் உருவான கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதை இங்கே சொன்னால் அந்த முதியவர்கள் உருகிவிடுவார்கள். சொல்லவில்லை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் அம்மா. "பின்னால இருந்து கதைக்கிறது என்ர மகன். அவர் என்ன கேட்டாலும் சுருக்கித்தான் சொல்லுவார். நான் கனக்கக் கதைச்சு, உங்கட காதில கொஞ்சமா விழுந்தால், அது என்ர பிழை இல்லை."

எங்கள் பக்கம் சிரித்தது. நான் அதை முழுதாகவே ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு மூச்சு கழித்து அந்தப் பக்கம் சிரித்தது. இந்த நாட்டுக் கூட்டங்களில் எல்லோரும் சிரித்து முடிந்த பிறகு சிரித்துத்தான் எங்கள் ஆட்களுக்குப் பழக்கம். அன்று நாங்கள் முதலில் சிரித்தோம். அது அம்மாவுக்கும் தெரிந்தது. தோள் கொஞ்சம் இறங்கியது.

"தனிய இருக்கிற ஆக்களுக்காகத்தான் நான் சமைக்கிறன் எண்டு எல்லாரும் நினைக்கினம். அது பாதிதான். காலமை மகன் வேலைக்குப் போயிடுவார். தகப்பன் பெற்றோல் ஸ்டேஷனில இரவு ஷிப்ட், பகல் நித்திரை. நான் ரேடியோவைப் போட்டு வைப்பன். அதில 'வணக்கம் நேயர்களே' எண்டு சொன்னால், நானும் 'வணக்கம்' எண்டு சொல்லுவன்."

நான் மைக்கில் சொன்னேன்: "நானும் வணக்கம் என்று சொல்லுவேன்." நான் என்று சொன்னேன். என் வாயால், என் குரலால். இருபத்தாறு வருடம் அம்மாவோடு இருந்தும் எனக்கு அது தெரியாது. அடுத்த வாக்கியத்தைக் கொஞ்சம் தவறவிட்டேன். வேல்ஷ் மொழிபெயர்ப்பாளர் தன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

"கிழமையில ஒருநாள் மட்டும் இங்க வந்து 'உப்புக் காணுமோ, இன்னும் போடவோ' எண்டு கேப்பன். 'காணாது' எண்டு ஆரேன் சொல்லுவினம். அதுக்காகத்தான் சமைக்கிறன். சின்னப் பிள்ளையளுக்கு இடம் வேணும்தான். நான் வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. மற்ற நாலு நாளும் அவையள் எடுக்கட்டும். வியாழக்கிழமை அந்தப் பிள்ளையளுக்கும் சேர்த்து நான் சமைக்கிறன். உறைப்பில்லாமல்."

அவ்வளவுதான். என் உரையில் இருந்த எதுவும் அதில் இல்லை. பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போதகர் ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. கவனம்தான் இருந்தது. அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருவது அந்த முகம்தான். இப்போது அவர் லண்டனில் இல்லை. வேல்ஸில் மலைகளுக்கு நடுவே ஐந்து சின்னத் தேவாலயங்களுக்குச் சைக்கிளில் போய்வருகிறார் என்று கேள்வி. அங்கேயும் யாருடைய சொல்லோ முழுதாக வரும்வரை காத்துக்கொண்டிருப்பார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். முதலில் வேல்ஷில் ஏதோ கேட்டார், பிறகு அவரே ஆங்கிலத்துக்கு மாறினார். பள்ளிக்கு நாலு நாளும் வியாழக்கிழமை சாப்பாட்டுக்கும் என்பதை ஏற்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார். முன்வரிசையில் ஒரு கை, பிறகு அதன் பக்கத்தில், பிறகு தலைகீழாக ஹெட்போன் மாட்டியவர். எண்ணத் தொடங்க முன்பே பெரும்பான்மை தெரிந்துவிட்டது. தன் கையையும் உயர்த்திக்கொண்டே தலைவர் வரிசை வரிசையாக எண்ணி வந்தார்.

எங்கள் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அம்மா கையைத் தூக்கியிருந்தார். அவரைப் பார்த்து அன்ரிமாரும் தூக்கியிருந்தார்கள். எங்களுக்கு வாக்கு இல்லை. நாங்கள் உறுப்பினர் இல்லை. நான் எழுந்து சொல்லப் பார்த்தேன். தலைவர் என் பக்கம் திரும்பவில்லை. போதகர் பக்கமும் திரும்பவில்லை. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, இரண்டு அடி முன்னால் வந்து, அம்மாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்:

"உங்களையும் எண்ணட்டுமா?"

அம்மா கையை இறக்கவில்லை. "ஓம்" என்றார். "எண்ணுங்கோ."

மைக்கை நான் ஏற்கெனவே நிறுத்திவிட்டிருந்தேன். அவர் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கினார்.